பன்னிரண்டாவது ஆள்

ஜூலை 30, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன்.

போன வாரம் சானடோரியம் பக்கம் யாசீனின் பந்தல் கடையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வருஷம் மேற்கே மழை சும்மா போகாது" என்று சொன்னேனா இல்லையா? யாசீனைக் கேட்டால், "நீ இன்னா சொன்னே, நம்ம ஏரியால தண்ணி லாரி ரேட்டு ஏறும்னு சொன்னே" என்கிறான். இரண்டும் தண்ணீர் விஷயம்தான். என் இடது முழங்காலில் ஒரு வலி உண்டு. வானிலை ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரியும்.

காலையில் டீவியைப் போட்டால் வயநாடு. ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கி, ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. என் வீட்டுக்காரி தையல்நாயகி சட்னி அரைக்க எடுத்த தேங்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். நான், "கேரளா கவர்ன்மெண்ட்ல எனக்கு ஆள் இருக்கு, விசாரிக்கிறேன்" என்றேன். மின்சார இலாகாவில் ஒரு லைன்மேன். பேசிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் ஆள்தான்.

உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. வயநாடு எங்கே, சேலையூர் எங்கே, எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?

ஜூலை 31, புதன்

மனை பார்க்க வந்த பார்ட்டியைக் கூடுவாஞ்சேரிக்கு அழைத்துப் போகவில்லை. டீவி முன்னாலேயே பொழுது போய்விட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பொழிச்சலூரிலிருந்து தங்கச்சி சுபத்ரா போன். எடுத்ததுமே அழுகை.

"அண்ணா, நம்ம தீபு வயசுக் குழந்தை. துணியில சுத்தித் தூக்கிட்டுப் போறாங்க."

விஷயத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது என் வாழ்க்கை வரலாறு எழுதினால் உதவும். ஆவணி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, சுபத்ராவின் மகள் தீபலட்சுமிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், சீரும் என் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அதற்காகப் பாலக்காட்டிலிருந்து செண்டை மேளம் சொல்லி, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. பன்னிரண்டு பேர். போன வருஷம் எங்கள் லேஅவுட் திறப்பு விழாவில் இவர்கள் அடித்த அடியில் அன்றைக்கே பதினெட்டு மனை விற்றது. (நாலு.) தலைவர் பெயர் சஜீவன். அவர் தம்பி வினு இலத்தாளம் தட்டுவான், கனமான பெரிய ஜால்ரா அது. தட்டும்போதே சிரிப்பான். அவனுக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை. மேளம் இருந்தால் மட்டும் லீவு போட்டு மலையை விட்டு இறங்கி வருவான்.

எஸ்டேட் வயநாட்டில்.

இது சுபத்ராவுக்கும் தெரியும். நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். "அவரு தம்பி அங்கதானேண்ணா இருக்காரு? அவங்களைப் போய் இப்ப வந்து மேளம் அடிங்கன்னு எப்படிக் கேக்குறது? வேணாம்ணா. மேளம் வேணாம், பட்டாசு வேணாம். கோயில்ல நம்ம நாலு பேர் நின்னு குத்திட்டு வந்துடலாம். செலவு பண்ற காசை அங்க அனுப்பலாம். இவரும் அதான் சொல்றாரு."

இவர் என்றால் மாப்பிள்ளை சிவகுமார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி. குறைவாகத்தான் பேசுவார். பேசிவிட்டால் மாற்ற மாட்டார்.

நாலு பேரா? என் தங்கச்சி குழந்தைக்கு நாலு பேரா?

ஆகஸ்ட் 2, வெள்ளி

சுபத்ராவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருஷத்தில் அவளுடைய நாத்தனார் ஜெயஸ்ரீ வீட்டில் ஒரு வளைகாப்பு. வளையல் தட்டை எடுத்துக்கொண்டு சுபத்ரா முன்னால் போனாள். ஜெயஸ்ரீ தட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிட்டு, "நீ உள்ளே போய் சாம்பார் பத்துதான்னு பாரு சுபா" என்றாள். குரலில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நான் அங்கேதான் நின்றேன். பெரிய வாய் எனக்கு என்று ஊரே சொல்கிறது, அன்றைக்கு அது திறக்கவில்லை. சுபத்ரா உள்ளே போய் சாம்பாரைக் கிளறினாள்.

அப்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இவளுக்கு ஒரு குழந்தை பிறந்து காது குத்துகிற அன்றைக்கு, பொழிச்சலூரில் எல்லார் காதும் கிழிய வேண்டும்.

இதை சிவகுமார் மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு அது அக்கா.

மலை சரிந்ததற்கு நான் என்ன செய்வேன்? நான் மேளத்தை நிறுத்தினால் மண்ணுக்குள் போனவர்கள் எழுந்து வருவார்களா? அதற்காக — இல்லை, சுபத்ரா கேட்டதும் தப்பில்லை. அந்த வினு பையன் முகம் வேறு வந்து வந்து போகிறது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

சஜீவனிடம் பேசிவிட்டேன்.

காலையிலேயே பேசினேன். நான் விஷயத்தை எடுப்பதற்கு முன்னாலேயே அவர், "சேட்டா, விழாவை நிறுத்தாதீங்க" என்றார். "எல்லாரும் நிறுத்திட்டா எங்க அடுப்பு எப்படி எரியும்? செண்டைதான் எங்க சோறு. நீங்க ஒருத்தராவது நடத்துங்க." குரல் தழுதழுத்தது. வினுவைக் கேட்டேன். "அவன் பத்திரம் சேட்டா. முந்தின நாளே வீட்டுக்கு வந்துட்டான்." நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். என்னிடம் பேசியது தமிழ்நாடே வந்து கையைப் பிடித்த மாதிரி இருந்தது என்றார்.

உடனே சுபத்ராவுக்குப் போன்.

"அவரே சொன்னாரா அண்ணா?"

"அவரேதான்."

"தம்பி?"

"ஜம்முனு இருக்கான். வீட்ல உக்காந்து கஞ்சி குடிக்கிறான்."

மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நடத்தலாம்ணா. அவங்க பிழைப்பை நாம கெடுக்கக் கூடாது. இவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தையல்நாயகி தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளி சாதம் என்று கிளறி வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தி.நகர். பட்டுப் பாவாடை, கம்மல், வெள்ளிக் கொலுசு. தங்கம் இறங்கியிருக்கிறது. இறங்கும் என்றும் நான்தான் சொன்னேன். நகைக் கடையிலும் ஒரு டீவி. விற்கிற பெண் கம்மலை எடுத்துக் காட்டிக்கொண்டே கண்ணை அந்தப் பக்கம் வைத்திருந்தாள். சேற்றுக்குள் கயிறு கட்டி ஆட்கள் நிற்கிறார்கள். "சிவப்புக் கல்லா, வெள்ளைக் கல்லா சார்?" என்றாள். எதை எடுத்தேன் என்று வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்துதான் பார்த்தேன். சிவப்பு.

ஆகஸ்ட் 7, புதன்

யாசீன் கடை. வாசலில் சீரியல் பல்பு மூட்டைக்குப் பதிலாகப் போர்வை மூட்டை. மசூதியிலிருந்து லாரி போகிறதாம். நானும் ஐம்பது போர்வை கொடுத்தேன். அடித்துவிட்டு எழுதுகிறேன்: இருபது.

"மச்சான், ஒரு கையில போர்வை, ஒரு கையில பத்தாயிரம் வாலா. நல்லா கீது உன் கதை" என்றான்.

"உனக்கு இன்னா பேஜார்? உன் பந்தலும் என் விழாவுலதான் நிக்குது."

"அதான் நானும் வாயத் தொறக்கல."

பிறகு சஜீவன் போனில் சொன்னதை அவனுக்கும் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை. அவன் போர்வையை மடித்துக்கொண்டே, "மனுஷன்யா" என்றான். சஜீவனைத்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மேல் வீட்டுக்காரர், இஸ்திரிக் கடை, மனை ஆபீஸ் — எல்லா இடத்திலும் இதே பேச்சு. எல்லோருக்கும் சொன்னேன். ஆபீஸில் சொன்னபோது சஜீவன் போனிலேயே விம்மி அழுதார். தையல்நாயகி டிபன் கொடுக்க வந்தவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "செவ்வாக்கிழமை மாடி வீட்டுல சொன்னப்ப அவர் அழலையே" என்றாள்.

"ரெண்டாவது தரம் பேசினப்ப அழுதார்."

அவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

சஜீவனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மழையில் டவர் விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சுபத்ரா வீட்டுக்குப் போனேன். தீபு என் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். இந்தக் காதில் ஊசி போக வேண்டுமா என்று இருந்தது. சுபத்ரா காபி கொடுத்துவிட்டு, "அவர் நம்பர் கொடேன் அண்ணா, ஒரு வார்த்தை பேசிக்கிறேன். தம்பியையும் குடும்பத்தோட கூட்டிட்டு வரச் சொல்லணும்" என்றாள்.

"அவருக்குத் தமிழ் வராது."

"உன்கிட்ட அவ்வளவு பேசினாரே?"

"எனக்கு மலையாளம் வரும்ல."

சிவகுமார் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார். எனக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

சுவிட்ச் ஆஃப்.

ஆகஸ்ட் 14, புதன்

கடைசியில் போன் வந்தது. சஜீவன் இல்லை. வேறு நம்பர், பிரகாசன் என்று மேளக் குழுவில் ஒருவர்.

"சேட்டா, ஞாயிறாழ்ச்ச விழா உண்டோ? கேட்கச் சொன்னாங்க."

எனக்கு அப்படியே உயிர் வந்தது. "உண்டாவா? ஜாம் ஜாம்னு உண்டு. பன்னெண்டு பேரும் வரணும், சொல்லிடுங்க. ஒரு ஆள் குறையக் கூடாது. எங்க ஊர்ல எண்ணிப் பாப்பாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "சரி சேட்டா, வராம்" என்றார். எனக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்.

வினு எப்படி இருக்கிறான் என்று கேட்க வாயெடுத்தேன். சிக்னல் சரியில்லை. கேட்கவில்லை.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. தீபு ஒரு ஓரத்தில், நான் நடுவில். அச்சுக்காரன் வேலை, நான் சொல்லவில்லை. சீர்த்தட்டுகளை எண்ணினேன், எண்ணினது மறந்தது, மறுபடி எண்ணினேன். எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுகிறேன். தையல்நாயகி, "நாளைக்கு நல்ல நாளு, கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

வேன் நேரத்துக்கு வந்தது. பொழிச்சலூர் அம்மன் கோயில் தெருமுனையிலிருந்து சீர் கிளம்ப வேண்டும். வெள்ளை வேட்டி, தோளில் செண்டை, வரிசையாக இறங்கி நின்றார்கள். ஊரே வாசலில். நான் எண்ணினேன். பதினொன்று. இலத்தாளம் வினு இல்லை, வேறு ஒருவர் தட்டினார். சஜீவனும் இல்லை.

பிரகாசனைக் கூப்பிட்டு, "பன்னெண்டுன்னு சொன்னேனே" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் வேனைக் கைகாட்டினார்.

சஜீவன் கடைசி சீட்டில் இருந்தார். மழிக்காத தாடி. செண்டை இல்லை. காலில் கட்டு.

"வந்து நில்லுங்க, நேரமாகுது" என்றேன்.

"எனக்குப் புல, சேட்டா."

எனக்குப் புரியவில்லை. அவர் தேடிப் பிடித்துத் தமிழில் சொன்னார். "தீட்டு. செண்டை தொடக் கூடாது. கோயிலுக்குள்ள கேறக் கூடாது. என்றெ அனியன்... வினு. போன வாரம்தான் உடல் கிட்டியது. அன்னைக்கு ராத்திரியே போயிட்டான்."

நான் வேன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"பன்னெண்டு வேணும்னு சொன்னல்லோ. ஒரு ஆள் குறையக் கூடாதுன்னு. அட்வான்ஸை அவனைத் தேடி மலைக்குப் போகவர செலவு பண்ணிட்டேன். திருப்பித் தரக் காசில்ல. அடிக்க ஆவாது, எண்ணிக்கைக்கு ஆவுமேன்னு வந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். பிரகாசனை விட்டு, விழா உண்டா என்று கேட்கச் சொன்னதே இவர்தான். நிறுத்தியிருப்பார்களோ என்று.

"தாய்மாமன் எங்கப்பா?" என்று கோயிலிலிருந்து குரல்.

போனேன். மேளம் தொடங்கிவிட்டது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. மாடி மாடியாக ஜனம். ஜெயஸ்ரீ ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சுபத்ரா கையில் கொடுத்து, "நீயே எடு சுபா, நீதானே அம்மா" என்றாள். சுபத்ரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

தீபுவை மடியில் வைத்தார்கள். பத்தர் ஊசியை எடுத்தார். குத்துகிற நேரத்தில் மேளம் உச்சத்தில் போக வேண்டும், குழந்தை அழுகிற சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது, அதுதான் முறை. அப்படித்தான் அடித்தார்கள். குழந்தை வாய் திறந்தது தெரிந்தது, சத்தம் ஒரு துளி கேட்கவில்லை. என் நெஞ்சோடு சாய்ந்துதான் இருந்தாள், அவள் உடம்பு அதிர்வது மட்டும் எனக்குத் தெரிந்தது. எனக்கு வேன்தான் ஞாபகம். அங்கே உட்கார்ந்து அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இலத்தாளத்தையும்.

பந்தியில் எல்லோரும் "தாய்மாமன்னா இவருதான்யா" என்றார்கள். சரி சரி என்றேன்.

சுபத்ரா ஒரு இலையில் சாப்பாடு எடுத்து, தீபுவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனாள். தடுக்கப் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் பேசிவிட்டாள்.

"நீங்க அன்னைக்கு அண்ணன்கிட்ட அப்படிச் சொல்லலைன்னா நான் இதை நடத்தியே இருக்க மாட்டேங்க. உங்க வார்த்தைலதான் இது நடந்தது. கால்ல என்ன அடி? உள்ளே வராம ஏன் இங்கயே இருக்கீங்க? தம்பி வரலையா, நல்லாயிருக்காரா?"

சஜீவன் அவளைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு தீபுவின் காதைப் பார்த்தார். சிவப்புக் கல், பக்கத்தில் சந்தனம்.

"சுகம்தான் சேச்சி" என்றார். "எனக்குக் கால் வலி. வேற ஒண்ணுமில்ல."

இலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தீபு அவர் தாடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். தீட்டு குழந்தை மேல் படக் கூடாது என்று.

ஆகஸ்ட் 19, திங்கள்

அன்றைக்குப் போனில் பேசும்போது அவருக்கே விஷயம் தெரிந்திருக்காது. அதனால்தான் தம்பி பத்திரம் என்று சொல்லியிருப்பார். அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஃப்ளெக்ஸை நானே போய் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். வெடிக்காத சரம் இரண்டு மீதி. யாசீன் கடையில் வைத்தேன். "இன்னா மச்சான், உடம்பு சரியில்லையா? வந்து பத்து நிமிஷமாச்சு, ஒரு பொய்கூட வரல" என்றான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சஜீவன் கணக்குக்கு மீதிப் பணத்தோடு சேர்த்து அனுப்பினேன். எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் கூட்டி எழுதிவிடுவேன். பிரகாசன் போன் செய்து, அதிகமாக வந்திருக்கிறது, திருப்பி அனுப்பச் சொல்கிறார் என்றார். வேண்டாம் என்றேன். திரும்பி வந்துவிட்டது.

சுபத்ரா தினமும் போன் செய்கிறாள். சந்தோஷமாகப் பேசுகிறாள். ஜெயஸ்ரீ இப்போது எதற்கெடுத்தாலும் அவளைக் கேட்கிறாளாம். "ஒரு உறுத்தலும் இல்லாம நடத்தினேன் அண்ணா, அதான் பெரிசு" என்றாள்.

இதை நான் எங்கே போய் வைப்பேன்?

செப்டம்பர் 15, ஞாயிறு. ஓணம்

பொழிச்சலூர் போனேன். கேரளத்தில் இந்த வருஷம் அரசாங்கக் கொண்டாட்டம் எதுவும் இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தான். சுபத்ரா பாயசம் வைத்திருந்தாள். "அவங்களுக்கு ஓணம்ல, ஒரு போன் போட்டுக் கொடு அண்ணா" என்றாள். சஜீவனுடைய புது நம்பர் பிரகாசன் கொடுத்து என்னிடம் இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தது.

போட்டேன். மணி அடித்தது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். மேலே ஒரு விமானம் தாழ இறங்கிப் போனது. தீபு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்றாள். காது ஆறிவிட்டது.

சுபத்ரா வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். போனை நீட்டினாள்.

"வினு அன்னைக்கு ராத்திரியே போயிட்டாராம். தேடப் போன ரெண்டாம் நாளே அவர் போனும் சேத்துல போயிடுச்சாம். நல்ல நாள்ல குழந்தை முன்னாடி சொல்லக் கூடாதுன்னு சொல்லலையாம்."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு நீ யார்கிட்ட பேசினே அண்ணா?"

எவ்வளவோ பதில் வந்தது. பிரகாசனிடம் பேசினேன், குரல் மாறிவிட்டது, ராங் நம்பர். எல்லாம் வரிசையாக வந்து வாயில் நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. அவள், "சாப்பிட்டுட்டுப் போ" என்று உள்ளே போனாள். இலை போட்டாள். எதிரில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், எனக்கே நம்பத் தோன்றுகிறது. அன்றைக்கு ஏழெட்டுத் தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் ஆஃப். நிறுத்தாதீங்க சேட்டா என்றது நான். வினு பத்திரம் என்றதும் நான். அன்றைக்கு நான் யாரிடமும் பேசவில்லை.